பெரிதாக ஒன்றுமில்லை, அட்டை உண்டு

எங்கள் ஊர்ப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை நிற்கிறது. நான்தான் எழுதி வைத்தேன். "பெரிதாக ஒன்றுமில்லை. வழுக்கும். அட்டை உண்டு. பூ நாறும்." அவ்வளவுதான். ரானா டவுனிலிருந்து வெந்நீர் ஊற்றுக்குப் போகிற வண்டிகள் அதைப் பார்த்ததும் நின்றுவிடுகின்றன. வெள்ளைக்காரர்கள் பலகையைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துவிட்டுச் சிரித்தபடியே ஏறுகிறார்கள். இது ஒரு வியாபாரத் தந்திரம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லித் திரிகிறார்கள். தந்திரமாவது மண்ணாங்கட்டியாவது! எங்கள் சினுலுங் ஊரில் யார் கையில் தூரிகையைக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

காட்டில் ரோகோன் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதற்குக் காது மகா கூர்மை. நம்மிடம் நல்ல பொருள் ஒன்று இருக்கிறது என்று அதன் காதில் விழுந்தால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற எதையும் நாங்கள் வாய்விட்டுப் புகழ மாட்டோம். விரல் நீட்டிக் காட்டவும் மாட்டோம், மோவாயால்தான் காட்டுவோம். வயலில் கதிர் முற்றினால் "வெறும் பதர்" என்போம். பிள்ளை பிறந்தால் "குரங்குக்குட்டி மாதிரி இருக்கு" என்போம், பெற்றவள் பூரித்துப்போவாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான் நாங்கள். ஆனால் புதுக் கூரை போட்ட அன்று எங்கள் பாதிரியாரே "இதுவும் ஒழுகும், பாருங்கள்" என்று சொல்லித்தான் ஜெபத்தை முடித்தார்.

புகழ்ச்சியெல்லாம் போகிற பொருளுக்குத்தான். விருந்தாளியின் சட்டையைப் புகழலாம், வண்டியைப் புகழலாம், அவர் வாங்கி வந்த பிஸ்கட்டைப் புகழலாம். நாளைக்குக் கிளம்பிப் போகிறவர்தானே, ரோகோன் எடுத்தாலும் அது அவர் பாடு.

இதையெல்லாம் உங்களிடம் எப்படித் தைரியமாகச் சொல்கிறேன் என்றால், ரோகோனுக்குக் காது உண்டே தவிர எழுத்துப் படிக்கத் தெரியாது.

இந்தப் பாதையைப் போட்டவன் என் தம்பி லாசிம். சோம்பேறி, உதவாக்கரை, மூஞ்சியைப் பார்த்தால் பால் திரிந்துவிடும். நான் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று உங்களுக்கு இனித் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூங்கில் புதரில் தொடங்கி, துஹாவ் இஞ்சி மண்டிக் கிடக்கிற ஓடைக்கரை வழியாக, மேட்டில் ஏறி, குடுவைச் செடிகள் தொங்குகிற முகடு வரைக்கும் அவன் ஒருவனே வெட்டினான். வெட்டினான் என்பதுகூடப் பிசகு. நடுவில் ஒரு மரப்பெரணி நின்றால் பாதையை வளைத்துக்கொண்டு போவான். எங்கிருந்தோ வந்து வேர்விட்ட வெளியூர்ச் செடி என்றால் பிடுங்கி எறிவான், காட்டுச் செடி என்றால் காலைத் தூக்கித் தாண்டிப் போவான். அங்கங்கே மரத்துண்டில் பெயர் எழுதிக் கட்டியிருக்கிறான். "குடுவைச் செடி. பூச்சியைத் தின்னும். உங்களைத் தின்னாது." "துஹாவ். நாற்றம் பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளவும்."

மேட்டின் பாதியில், ஒரு காட்டுக்கொடியின் அடியில்தான் எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கிற அது முளைக்கும். உலகத்தில் இருக்கிற பூக்களிலேயே பெரிய ஜாதி. மொட்டு மாதக்கணக்கில் ஊதி, முட்டைக்கோஸ் மாதிரி உருண்டு, ஒருநாள் விரிந்து, ஒரு வாரத்துக்குள் அழுகிவிடும். ரஃப்லேசியா என்று படித்தவர்கள் சொல்வார்கள். நாங்கள் அதை அழுகல் முட்டைக்கோஸ் என்போம்.

லாசிமுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவரும்போது வழியில் இருந்த பெரணியைப் பற்றிப் பேசினான். அம்மா அழுது ஓய்ந்துவிட்டாள். அந்த நிலையில்தான் மார்செல்லா வந்தாள்.

பெனாம்பாங் சமவெளிக்காரி. ரானாவில் அரசாங்க நாற்றங்காலில் வேலை. சனிக்கிழமை ஆனால் பிக்கப்பை எடுத்துக்கொண்டு மலையேற வந்துவிடுவாள். தலையில் முறம் அகலத்துக்கு ஒரு மஞ்சள் தொப்பி. முதல் நாள் அந்தத் தொப்பி மூங்கிலில் மாட்டி, கொடியில் மாட்டி, முள்ளில் மாட்டி, அவள் ஏறியதைவிடத் தொப்பியை எடுக்கக் குனிந்ததுதான் அதிகம். அடுத்த சனிக்கிழமை நான் மேலே போனபோது பாதை முழுக்க இரண்டு பக்கமும் கிளைகள் கழிக்கப்பட்டிருந்தன. சரியாக அந்தத் தொப்பியின் அகலத்துக்கு. பெரணியின் ஓர் இலையைக்கூட வெட்ட மனசு வராத என் தம்பி செய்த வேலை அது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வாராவாரம் வந்தாள். அவளுக்கென்று ஓர் ஊன்றுகோல் செதுக்கிக் கொடுத்தான். வழுக்குகிற இடங்களில் மூங்கில் கைப்பிடி போட்டான். இருவரும் குனிந்து ஒரு பாசியைப் பார்க்க ஆரம்பித்தால் நான் ஓடையில் துணியே துவைத்து முடித்துவிடலாம். எல்லாம் சரிதான். ஒன்றே ஒன்றுதான் எங்களை உறுத்தியது. அவன் அவளைப் புகழ்ந்துகொண்டே இருந்தான்.

"உங்க பூட்ஸ் ரொம்ப நல்லா இருக்குங்க." "உங்களுக்குக் கண்ணு எவ்வளவு கூர்மைங்க." "தொப்பி ரொம்ப அழகா இருக்குங்க."

"கேட்டியாடி?" என்று அம்மா என் விலாவில் இடிப்பாள். "தொப்பி அழகா இருக்காம்! முடிஞ்சுது. இவனுக்கு அவ மேல ஆசையே இல்ல. அனுப்பி வைக்கப் பாக்கறான்."

ஒருநாள் அவனை ஓடைக்கரையில் மடக்கினேன். "டேய், ஒரு வார்த்தை திட்டேன்டா அவளை. மூக்கு சப்பைன்னு சொல்லு. நடை வாத்து மாதிரி இருக்குன்னு சொல்லு. எதையாவது சொல்லித் தொலை."

அவன் தலை குனிந்து துஹாவ் தண்டை உரித்துக்கொண்டிருந்தான். "எப்படிக்கா? அவங்க இன்னும் நம்மவங்க இல்லியே. திட்டறதுக்கு எனக்கு என்னக்கா உரிமை இருக்கு?"

உரித்த தண்டை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். அதாலேயே அவன் தலையில் ஒன்று போட்டேன்.

இப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மார்செல்லா என்னிடம் வந்து, "அக்கா, அடுத்த வாரம் உங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. மொட்டு எவ்வளவு பெருசாயிருக்குன்னு எல்லாரும் சேந்து போய்ப் பாப்போம்" என்றாள். பிள்ளையோடு நடந்தது போதாமல் தாயோடும் நடக்கக் கேட்கிற பெண் எதற்குக் கேட்கிறாள் என்று ஊருக்கே தெரியும். அம்மா அறுவடைத் திருவிழாவுக்கு மட்டும் எடுக்கிற கறுப்பு வெல்வெட் சட்டையைப் போட்டுக்கொண்டாள், அட்டைக் காட்டுக்கு. ஊர்த்தலைவர் கிம்பாங் மாமா, சாட்சிக்கு ஒரு பெரிய மனுஷன் வேண்டாமா என்று அழைக்காமலே வந்து சேர்ந்துகொண்டார்.

முன்னால் லாசிம், பின்னால் மார்செல்லா, அதற்குப் பின்னால் நாங்கள் மூவரும். முதல் ஏற்றத்திலேயே அவள் ஆரம்பித்தாள். "இந்தக் கைப்பிடியெல்லாம் லாசிம் தனியாவா போட்டாரு ஆன்ட்டி?"

"அவனா? போட்டிருப்பான்" என்றாள் அம்மா. "புடிச்சிடாத. உன்னோட சேந்து அதுவும் கீழ வரும்."

மார்செல்லா பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. குழப்பத்தோடு மேலே ஏறினாள்.

கிம்பாங் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் எத்தனையோ வருஷமா இந்த ஊருக்குத் தலைவரா இருக்கேன்மா. இவன மாதிரி ஒரு உதவாக்கரைய நான் பாத்ததே இல்ல."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவர் வாயால் இப்படி ஒரு வார்த்தை எளிதில் வராது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என்னைப் பற்றி அவர் இதுவரை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை.

முன்னால் போன லாசிமின் காது இரண்டும் சந்தோஷத்தில் சிவந்துவிட்டன. அந்தச் சிவப்பை மார்செல்லாவும் பார்த்தாள். வெட்கக்கேட்டில் சிவந்தது என்று எடுத்துக்கொண்டாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அம்மா எட்டிப் பிடிக்கட்டும் என்று ஒதுங்கி நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குடிப்பாரா ஆன்ட்டி?" என்றாள்.

"குடிப்பானாவா! மொடாக் குடியன். ஜாடிய அவன்கிட்டேர்ந்து புடுங்க நாலு பேர் வேணும்."

அரிசிக் கள் நொதிக்கிற தாப்பாய் ஜாடியின் மூடியைத் திறந்தாலே அந்த வாசனைக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறவன் என் தம்பி.

"கோவம் வருமா?"

"வீட்டுல உருப்படியா ஒரு பாத்திரம் கிடையாதும்மா" என்று அம்மா பெருமையோடு சொன்னாள். அந்த நேரத்தில் லாசிம் தன் காலில் இருந்த அட்டையை எடுத்து, மன்னிச்சுக்கோ என்று சொல்லி, ஓர் இலைமேல் வைத்துக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு படியைப் பார்த்து நடந்தாள். அந்தப் படிகள் அவளுடைய காலடிக்கு அளந்து வெட்டியவை. அதைச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுவென்று வந்தது. கடித்துக்கொண்டேன்.

மொட்டு இருந்த இடத்துக்கு வந்ததும் நாங்கள் நால்வரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மோவாயை நீட்டினோம். தடித்த மடல்கள் மூடி, ஒரு பெரிய முட்டைக்கோஸ் அளவுக்கு உருண்டு நின்றது. இன்னும் சில நாளில் விரிந்துவிடும்.

"ஐயோ, எவ்வளவு அழகு!" என்று மார்செல்லா விரலை நீட்டினாள்.

அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கிம்பாங் மாமா தன் குல்லாயைக் கழற்றி மொட்டின் மேல் கவிழ்த்தார். "அது ஒண்ணும் இல்லீங்க, அழுகிடும்" என்று லாசிம் அவசரமாகச் சொன்னான். மார்செல்லா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

முகட்டுக்கு ஏறினோம். மேகம் விலகி மலை தலையைக் காட்டியது. குடுவைச் செடிகளில் மழைத்தண்ணீர் நிரம்பித் தளும்பியது. கட்டிக்கொண்டு வந்த இலைச் சோற்றை அவிழ்த்தோம். மார்செல்லா ஒரு வாய்தான் சாப்பிட்டாள்.

"எனக்கு மாத்தல் வந்திருக்கு" என்றாள். "தாவாவுக்கு. விருப்பம் இருந்தா போகலாம், இல்லன்னா இங்கயே இருக்கலாம்னு சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டு லாசிமைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். குடுவைச் செடிகூட அவனைத்தான் பார்த்தது என்பேன்.

லாசிம் வெறும் இலையை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். "தாவாவ் நல்ல ஊருங்க" என்றான்.

அவனை அந்த முகட்டிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன். அம்மா பக்கத்தில் இருந்ததால் பிழைத்தான்.

இறங்கி வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கடை முன்னால் பாதி ஊர் உட்கார்ந்து கட்டம் போட்டுக் காய் நகர்த்தி ஆடிக்கொண்டிருந்தது. மார்செல்லா பிக்கப் கதவைத் திறந்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. பெத்த தாயே இப்படிச் சொல்றாங்க. ஊர்த்தலைவரும் சொல்றாரு. எனக்குத் தெரிஞ்ச லாசிம் வேற மாதிரி இருக்காரு. எது நெசம்?"

நான் காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். எங்கள் வழக்கத்தை அவளுக்கு விளக்கியிருக்கலாமே என்பீர்கள். நாங்கள் திட்டுவதெல்லாம் புகழ்ச்சிதான் என்று வெட்டவெளியில் வாய்விட்டுச் சொன்னால், இத்தனை காலம் ஏமாந்த ரோகோனுக்கும் விஷயம் தெரிந்துபோகும். அப்புறம் ஊரில் ஒரு கதிர், ஒரு குழந்தை மிஞ்சாது. அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் கண் நிறைந்திருந்தது. கடைக்குப் பக்கத்தில் லாசிம் அவளுடைய ஊன்றுகோலில் இருந்த சேற்றைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். என் பொறுமை போய்விட்டது.

"என் தம்பி தங்கம்!" என்று கத்தினேன். "ஒரு சொட்டு குடிக்க மாட்டான். அட்டைக்குக்கூட வலிக்கக் கூடாதுன்னு நினைக்கறவன். நீ நடக்கற பாத இருக்கே, அத்தனையும் உன் தொப்பி அகலத்துக்கு வெட்டினது. இவன மாதிரி ஒரு நல்லவன் இந்த மலைய சுத்தி எங்கயும் கெடையாது, கேட்டுக்கோ!"

கடையில் ஆட்டம் நின்றது. காய் ஒன்று உருண்டு விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. "பாவி! குடியக் கெடுத்தியே!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவு சொல்லியும் பலன் என்ன? மார்செல்லா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "எனக்கும் ஒரு தம்பி இருக்கான்க்கா. அவன் குடிகாரன். நானும் எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்." லாசிம் நீட்டிய ஊன்றுகோலை வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.

மறுநாள் பேய்மழை. அதற்கு மறுநாள் லாசிம் மேலே போய்ப் பார்த்தபோது மொட்டு கறுத்துப்போயிருந்தது. தொட்டால் கூழ். மார்செல்லாவின் வண்டி எங்கேயாவது தெரிகிறதா என்று முகட்டில் நின்று ரானா சாலையைப் பார்த்துவிட்டு, அந்தப் பராக்கிலேயே இறங்கி வந்தவன் ஓடையில் விழுந்து கணுக்காலைப் பிசக்கிக்கொண்டான். காலில் இஞ்சிப் பற்று போட்டுக் கட்டிலில் கிடத்தினோம்.

ஊர் கூடியது. நான் வாதாடினேன். "மழையில அழுகுச்சு. எத்தனையோ மொட்டு விரியறதுக்கு முன்னாலயே அழுகுதே, அதுக்கெல்லாம் நானா காரணம்? இவன் விழுந்தது ரோட்டப் பாத்துட்டு நடந்ததால. மொட்ட அழகுன்னு சொல்லி விரல நீட்டினது மார்செல்லா. அவள விட்டுட்டு என்னப் புடிக்கறீங்க?"

"விருந்தாளி வாய ரோகோன் மதிக்காது" என்றார், அன்று மொட்டைக் குல்லாயால் மூடிய அதே கிம்பாங் மாமா. "நீ உள்ளூர்க்காரி. அதுவும் கடை முன்னால நின்னு கத்தியிருக்க. மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்."

சோகிட் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. சூடேறிப்போன ஊரைக் குளிரவைக்கத் தப்புச் செய்தவர் கொடுக்கிற பலி. என் தப்புக்கு ஒரு கோழி. நான் ஓர் எலும்புக்கோழியைப் பிடித்து வந்தேன். அம்மா அதைத் திருப்பி விரட்டிவிட்டு, "அந்த ஒண்ணுத்துக்கும் ஆகாத கறுப்பியக் கொண்டா" என்றாள். என்னிடம் இருந்ததிலேயே நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்தது அது. வயிறு எரியப் பிடித்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. கறுப்பியின் ரத்தத்தைப் பாதை தொடங்கும் இடத்தில், என் பலகைக்கு அடியில் தெளித்தார்கள். குழம்பு அடுப்பில் ஏறியது. லாசிம் காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் இருந்தான். மாசக் கடைசி நெருங்கிவிட்டது.

அப்போது பள்ளிக்கூடத்துப் பின்பக்கத்திலிருந்து மஞ்சள் தொப்பி வந்தது. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுப் பாதை வழியாகவே போய்த் திரும்பியிருக்கிறாள். முழங்கால் வரை சேறு. கையில் ஊன்றுகோல்.

"இதைத் திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். லாசிமின் காலைப் பார்த்ததும் குரல் மாறியது. "என்ன ஆச்சு?"

எல்லாரும் மோவாயால் என்னைக் காட்டினார்கள்.

"அக்கா என்ன செஞ்சாங்க?"

"அவனப் புகழ்ந்துட்டா" என்றார் கிம்பாங் மாமா. பிறகு அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். சோகிட் கோழி அடுப்பில் வேகிற வரைக்கும் ரோகோன் தனக்குக் கிடைத்த பங்கில் மூழ்கிக் காதை மூடிக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் எங்கள் ஊரில் யாரும் எதையும் வெளிப்படையாகப் பேசலாம். குழம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. கிம்பாங் மாமா அவளை உட்காரவைத்து, எதைத் திட்டுவோம், எதைப் புகழ்வோம், ஏன் என்று எல்லாவற்றையும் மளமளவென்று சொல்லி முடித்தார்.

மார்செல்லா ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்போ அன்னிக்குப் பாதை முழுக்க..."

"பின்ன, பெத்த பிள்ளைய வேற எப்படிச் சொல்றதாம்?" என்றாள் அம்மா. "என் பிள்ளையப் பத்தி அவ்வளவு சொன்னேன், தொண்ட வறண்டு போச்சு. நீ காதுலயே வாங்கிக்கல."

"மொடாக் குடியன்னு சொன்னீங்களே ஆன்ட்டி!"

"ஜாடியத் தொறந்தா மயங்கி விழுவான்மா, என் செல்லம்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுத் தானே பயந்து அடுப்பைப் பார்த்தாள். குழம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

மார்செல்லா சிரிக்க ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டாள். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி அவள் முகம் மெல்ல வாடியது. "ஆனா என்ன மட்டும் அவர் புகழ்ந்துட்டே இருந்தாரே. பூட்ஸ் நல்லா இருக்கு, கண்ணு கூர்மை, தொப்பி அழகு..."

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "போறவங்களப் புகழலாம்" என்று கிம்பாங் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

லாசிம் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். இந்த நேரத்தில்தான் எதையும் சொல்லலாம், குழம்பு கொதிக்கிறது, சொல்லித் தொலையேன்டா என்று நான் கண்ணால் அவனைக் குத்தினேன். அவன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா எழுந்துபோய்க் குழம்பைக் கிளறினாள், தண்ணீர் ஊற்றினாள், மறுபடி தண்ணீர் ஊற்றினாள். கோழி கரைந்து போகிற வரைக்கும் அவள் அதை இறக்கத் தயாராக இல்லை. கடைசியில் பசி தாங்காத யாரோ ஒருவர் வந்து பானையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டார். வாசலில் பேச்சு அடங்கியது. எல்லாரும் வழக்கமான வாய்க்குத் திரும்பி, "கறி வேகவே இல்ல, உப்புக் கரிக்குது" என்று சொல்லிக்கொண்டே இலையை நீட்டினார்கள்.

மார்செல்லா எழுந்தாள். போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி, ஊருக்கே கேட்கிற குரலில் பேசினாள்.

"வர்ற வழியில அந்தக் கொடிக்குப் பக்கத்துல இன்னொரு முட்டைக்கோஸ் பாத்தேன். ரொம்பச் சின்னது. பாக்கவே அசிங்கம். அது பூக்கவே பூக்காது."

இலைகளுக்குப் போன கைகள் அப்படியே நின்றன.

"இந்த ஆளும் அப்படித்தான்." விரலை நீட்டவில்லை. மோவாயால், எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி, லாசிமைக் காட்டினாள். "ஒரு பாத ஒழுங்கா வெட்டத் தெரியல. கைப்பிடி ஆடுது. செதுக்கின கோலு கோணலா இருக்கு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசத் தெரியல. இவன மாதிரி ஒரு உதவாக்கரைய பெனாம்பாங்ல தேடினாலும் கெடைக்காது, தாவாவ்ல தேடினாலும் கெடைக்காது. அதனால நான் தாவாவ் போகல."

அம்மாவின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் லாசிம் பக்கம் திரும்பியது. அவன் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான், ஒற்றைக் காலில். காது மட்டுமில்லை, கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் ஊமையாக உட்கார்ந்திருந்த அதே முகம். இன்றைக்கும் பெரணியைப் பற்றிப் பேசிவிடுவானோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"அந்தத் தொப்பி..." என்றான். எச்சிலை விழுங்கினான். "அந்தத் தொப்பி உனக்குச் சகிக்கல."

மார்செல்லா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அம்மா அழுதுகொண்டே என் முதுகில் அடித்தாள். "என்னடி பாத்துட்டு நிக்கற? இன்னொரு கோழியப் புடி! இல்ல, ரெண்டாப் புடி!"

பிடிக்கப் போனேன். கண்ணை மறைத்த தண்ணீரில் கோழி எது, கொடி எது என்று தெரியவில்லை. முற்றத்தின் ஓரத்தில் நின்று, காட்டைப் பார்த்து, என் குரல் எட்டும் மட்டும் கத்தினேன். "இதெல்லாம் எங்க உருப்படப் போகுது! சுத்தமா ஒத்துவராத ஜோடி!"

பின்னால் கிம்பாங் மாமா இலையிலிருந்து தலையைத் தூக்கினார். "வாயப் பாரு, இந்த ஊர்லயே இவ மாதிரி ஒரு அடங்காப்பிடாரி கெடையாது" என்றார்.

எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.